களரியும் கழகமும்

எழுவான்கரை என்றும் படுவான்கரை என்றும் மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும் பரந்து கிடக்கும் ஊர்களிலே, வேளாண்மை வெட்டி முடிந்து நெல் வீடு வந்து சேர்ந்த பின்னர், இரவு வேளைகளில் மத்தளத்தின் ஒலி கேட்பதுண்டு. ஒலி வருந் திசையை நோக்கிச் செல்வோமாயின், ஒரு வளவிலே பத்துப் பதினைந்து பேர் வட்டமாக நின்று காலடி பழகுவதைக் காணலாம். பகலெல்லாம் வயலில் நின்றவர், தோணி தள்ளியவர், கடையிலே நிறுத்துக் கொடுத்தவர், பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் ஆகிய யாவரும் அங்கே உளர். அவர்களின் நடுவே மத்தளத்தை இடையிற் கட்டிக்கொண்டு நிற்கின்றவரே அண்ணாவியார்.

அண்ணாவியார் என்பவர் யார்? கூத்தின் ஆசிரியர் அவர், நெறியாளர் அவர், மத்தளம் அடிப்பவர் அவர், பாட்டை எடுத்துக் கொடுப்பவரும் அவரே. ஒரு முழு இரவு ஆடத்தக்க கூத்தின் பாடல்களைத் தாளந் தவறாமல் நெஞ்சிலே வைத்திருப்பவர். அவருக்கு இந்த வித்தையைக் கற்பித்தது எந்தக் கல்லூரியுமன்று. தந்தையோ, மாமனோ, அயலூர் அண்ணாவியாரோ கற்பித்தது. பட்டமில்லை, மாதச் சம்பளமில்லை. ஆயினும், ஊரார் அவரைக் கண்டால் தோளில் கிடந்த சால்வையை இறக்குவர்.

இத்தகைய ஒரு கலைஞரை ஆதரிக்கும் பொறுப்பு யாருடையது? ஊருடையதா, அரசுடையதா? கலைக் கழகம் என்ற ஒன்றை அமைத்துவிட்டால் அந்தப் பொறுப்பு நிறைவேறிவிடுமா? எமது நாட்டின் கலைக் கழகம் நாட்டுக் கூத்துக்கு ஆற்றிய பணியை நோக்கினால், இவ்வினாக்களுக்கு விடை காண்பது எளிதாகும்.

ஊரே ஒரு கழகம்

கலைக் கழகம் என்னும் பெயர் எமக்கு வந்து சேர்வதற்கு முன்னரே, ஒவ்வொரு கிராமமும் தனக்கென ஒரு கழகத்தை வைத்திருந்தது. அதற்குப் பெயர்ப்பலகை இல்லை. சட்ட திட்டங்கள் மட்டும் ஒழுங்காக இருந்தன.

கூத்து ஒன்றைப் போடுவதென ஊர் கூடித் தீர்மானித்தால், முதலில் எந்தக் கூத்து என்பதும் எந்த அண்ணாவியார் என்பதும் பேசி முடிக்கப்படும். அதன் பின் நல்ல நாள் பார்த்துச் சட்டங் கொடுத்தல் நடைபெறும். ‘சட்டம்’ என்பது ஒவ்வொரு நடிகனும் பாடிப் பேச வேண்டிய பகுதி. இன்னாருக்குத் தருமன், இன்னாருக்கு வீமன், இன்னாருக்குக் கட்டியகாரன் எனக் குரலையும் உடலையும் பார்த்து அண்ணாவியார் பங்கிட்டுக் கொடுப்பார். பின்னர் மாதக் கணக்காகப் பழக்கம். காலில் தாளம் ஏறியபின் சதங்கை அணிதல் ஒரு சிறு விழாவாகவே நடைபெறும். அதன் பின் அடுக்குப் பார்த்தல், ஈற்றிலே அரங்கேற்றம்.

அரங்கேற்றத்துக்கென மண்ணைக் குவித்து வட்டமாகக் களரி அமைப்பர். களரியைச் சுற்றி நாற்புறமும் சனம் இருக்கும். நடுவிலே அண்ணாவியாரும், சல்லரி போடுபவரும், பிற்பாட்டுக்காரரும் நிற்பர். அவர்களைச் சுற்றி நடிகர்கள் ஆடுவர். முன்னர் பந்தமும் எண்ணெய் விளக்கும், பின்னர் பெற்றோமக்ஸ் விளக்கும், அதன் பின் மின்விளக்கும் ஒளி கொடுத்தன. விளக்கு மாறினாலும் விடிய விடிய ஆடும் வழக்கம் நெடுங்காலம் மாறவில்லை.

பணம் எங்கிருந்து வந்தது? அதற்கும் ஊரே வழி வைத்திருந்தது. ஆடுபவன் தன் உடுப்புக்கான செலவைத் தானே பொறுப்பான். அவன் களரிக்கு வரும்போது மாமனும் மைத்துனனும் அன்பளிப்புக் கொடுப்பர். அண்ணாவியாருக்கு வேட்டி சால்வையும் பணமும் வழங்கப்படும். அரங்கேற்றம் முடிந்த பின்னர் வீட்டுக்கு வீடு சென்று ஆடுவதும் உண்டு. அவ்வீட்டார் தம்மால் இயன்றதை மனமுவந்து கொடுப்பர். இவ்வாறு செலவும் பகிரப்பட்டது, புகழும் பகிரப்பட்டது. இன்றைக்கு ‘சமுதாயக் கலை’ என்று பேசுகின்றோமே, அஃது இதுவேயன்றி வேறில்லை.

வாட்டங் கண்ட காலம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வொழுங்கு தளரத் தொடங்கிற்று. சினிமா பட்டினத்தில் மட்டும் நில்லாது சிற்றூரையும் எட்டியது. படித்த மக்கள் என்று தம்மைக் கருதியோர் கூத்தை இழித்துப் பேசினர். ‘கூத்தாடி’ என்ற சொல் வசையாயிற்று. பிள்ளை கூத்துப் பழகப் போனால் படிப்புக் கெட்டுவிடும் என்று தாய் தந்தையர் அஞ்சினர். ஆங்கில நாடகத்தையும் இந்திய நாடகக் கம்பனிகளின் இசை நாடகத்தையும் பார்த்துப் பழகிய கண்களுக்கு வட்டக் களரி நாகரிகமற்றதாகத் தோன்றியது.

ஒன்றை நாம் மறத்தலாகாது. அக்காலத்தில் கூத்து ஓரிடத்துச் சொத்தாக மட்டும் இருக்கவில்லை. மட்டக்களப்பிலே வடமோடி, தென்மோடி என இருவகை. பாரத, இராமாயணப் போர்க் கதைகளும் வீரமும் பாரமான உடுப்பும் வடமோடிக்கு உரியன. காதற் கதைகளும் நுட்பமான ஆட்ட வகைகளும் மென்மையான இசையும் தென்மோடிக்கு உரியன. இவற்றோடு மகிடி, வசந்தன், பறைமேளக் கூத்து என்பனவும் அங்கே உண்டு. மன்னாரிலே கத்தோலிக்க மக்கள் புனிதர்களின் வரலாறுகளைக் கூத்தாகவும் வாசாப்பாகவும் ஆடினர். முல்லைத்தீவிலே கோவலன் கூத்து. வட்டுக்கோட்டையிலே தருமபுத்திரன் கூத்து. மலையகத் தோட்டங்களிலே காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும். இவ்வளவு செல்வத்தையும் வைத்துக்கொண்டே எமக்கு நாடக மரபு இல்லையென்று சொல்லிக்கொண்டிருந்தோம். வீட்டுக்குள் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

கலைக் கழகத்தின் தோற்றம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பல நாடுகளிலே, கலையை வளர்ப்பது அரசின் கடமைகளுள் ஒன்று என்ற எண்ணம் வலுப்பெற்றது. பிரித்தானியாவில் 1946ஆம் ஆண்டு கலைக் கழகம் அமைந்தது. இந்தியாவில் சங்கீத நாடக அக்கடமி 1953ஆம் ஆண்டு தொடக்கி வைக்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் இடையில், 1952ஆம் ஆண்டு, இலங்கைக் கலைக் கழகம் சட்டத்தின் மூலம் நிறுவப்பெற்றது. நுண்கலைகளைப் பற்றிய அறிவையும் பயிற்சியையும் வளர்ப்பதோடு, இந்நாட்டுக்கே உரிய கலைகளைப் பேணுவதும் அதன் நோக்கமாயிற்று. பின்னர் கலாசாரத்துக்கெனத் தனியொரு திணைக்களமும் தோன்றியது.

கழகம் பல துறைகளுக்கும் தனித்தனிக் குழுக்களை வைத்திருந்தது. அவற்றுள் ஒன்று தமிழ் நாடகக் குழு. 1950களின் பிற்பகுதியில் அதன் தலைமைப் பொறுப்பு, பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையைச் சேர்ந்த சு. வித்தியானந்தன் அவர்களிடம் வந்து சேர்ந்தது. தெல்லிப்பழையிலே 1924ஆம் ஆண்டு பிறந்து, இலண்டனிலே கலாநிதிப் பட்டம் பெற்று, ‘தமிழர் சால்பு’ என்னும் நூலை எழுதியவர் அவர். பண்டைத் தமிழரின் பண்பாட்டை ஏட்டிலே ஆராய்ந்த அறிஞர், அப்பண்பாட்டின் உயிருள்ள ஒரு கூறு கிராமத்துக் களரியிலே ஆடிக்கொண்டிருப்பதைக் கண்டுகொண்டார்.

அதே பல்கலைக்கழகத்திலே பணியாற்றிய எதிரிவீர சரச்சந்திர, சிங்கள நாட்டார் நாடகங்களை ஆராய்ந்து, நாடகம் என்னும் மரபு வடிவத்தின் அடிப்படையில் ‘மனமே’ நாடகத்தை 1956ஆம் ஆண்டு மேடையேற்றினார். நாடு முழுவதும் அது பேசப்பட்டது. அந்தச் சிங்கள மரபுக்கும் தமிழ்க் கூத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு என்பது அறிஞர் கண்ட உண்மை. அயல் வீட்டில் விளக்கேறியபோது, எங்கள் வீட்டு விளக்கும் எங்கோ மூலையில் இருக்கின்றதே என்ற நினைவு எமக்கும் எழுந்தது.

நாற்காலியை விட்டெழுந்த குழு

கழகம் என்றால் கொழும்பிலே கூடிக் கலைந்து, கூட்ட அறிக்கை எழுதி வைக்கும் சபையென்று எண்ணுவது வழக்கம். தமிழ் நாடகக் குழு அவ்வாறிருக்கவில்லை. அது செய்த வேலைகளை மூன்றாக வகுத்துக் காணலாம்.

முதலாவது, போட்டிகளும் விழாக்களும். நாடக எழுத்துப் போட்டிகள் நடத்திப் புதிய எழுத்தாளரைக் கழகம் தேடியது. நாட்டுக் கூத்துக்கும் விழா எடுத்தது. அயலூருக்கப்பால் பெயர் அறியப்படாதிருந்த கூத்துக் குழுக்கள் பலர் கூடும் அரங்கிற்கு வந்தன. இலைமறை காயாக இருந்தவர் வெளிச்சத்துக்கு வந்தனர்.

இரண்டாவது, அண்ணாவிமாரை ஒன்றுகூட்டியமை. தனித்தனி ஊர்களிலே தனித்தனியே நின்றவர்களை மகாநாடுகளுக்கு அழைத்து, மேடையில் அமர்த்தி, அவர்களைப் பேசவும் ஆடிக்காட்டவும் வைத்து, கௌரவம் செய்தனர். இஃது ஒரு சிறிய காரியமாக இன்று தோன்றலாம். அன்று அது சிறிதன்று. பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஒருவர் எழுந்து நின்று, கையெழுத்து மட்டும் அறிந்த ஒரு முதியவருக்கு மாலை சூட்டும்போது, ‘கூத்தாடி’ என்ற வசை பாதி அழிந்துவிடுகின்றது. பணத்தைவிட மதிப்பே அக்காலத்தில் அண்ணாவியாருக்கு வேண்டியிருந்தது.

மூன்றாவது, ஏட்டை அச்சாக்கியமை. கூத்துப் பிரதிகள் ஓலையிலும் கொப்பியிலும் இருந்தன. கறையான் தின்றவை சில. இரவல் போய்த் திரும்பி வராதவை சில. ‘பிறத்தியாருக்குக் காட்டலாகாது’ என்று பெட்டியில் பூட்டி வைத்து, வைத்தவரோடு மறைந்தவை பல. மட்டக்களப்பின் ‘அலங்காரரூபன் நாடகம்’, மன்னாரின் ‘என்றிக் எம்பரதோர் நாடகம்’, ‘மூவிராசாக்கள் நாடகம்’, ‘ஞானசவுந்தரி நாடகம்’ ஆகியன வித்தியானந்தனின் பதிப்பாக 1960களிலே நூலுருப் பெற்றன. நாட்டார் பாடல்களும் தொகுக்கப்பெற்றன. அச்சில் வந்த கூத்து ஆடிய கூத்தாகாது என்பது மெய்யே. ஆயினும், ஆடுவோர் இல்லாத காலம் ஒன்று வந்தால், மீண்டும் ஆடத் தொடங்குவதற்கு அந்த அச்சுப் பிரதியே வித்து.

பேராதனையில் ஒலித்த மத்தளம்

இவற்றைவிட நாட்டின் கவனத்தை ஈர்த்தது 1962ஆம் ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சி. பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ‘கர்ணன் போர்’ என்னும் வடமோடிக் கூத்தை வித்தியானந்தன் மேடையேற்றினார். மாணவர்களைப் பழக்குவதற்கு வந்தவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். பொருளியலும் வரலாறும் படிக்க வந்த பிள்ளைகள், அண்ணாவியாரின் தாளக்கட்டுக்குக் காலெடுத்து வைத்தனர். அடுத்த ஆண்டு ‘நொண்டி நாடகம்’ வந்தது. 1960களின் நடுப்பகுதியில் ‘இராவணேசன்’, அதன் பின் ‘வாலி வதை’ எனத் தொடர்ந்தன. ‘இராவணேசன்’ பழைய பிரதியன்று. வடமோடி மரபைத் தழுவிப் புதிதாக எழுதப்பட்டது. அதனை எழுதியவர் அந்நாளில் மாணவராக இருந்து, பிற்காலத்தில் பேராசிரியராகி, ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ என்னும் விரிவான ஆய்வு நூலைத் தந்த சி. மௌனகுரு.

மேடைக்குக் கொணரும்போது கூத்திலே சில மாற்றங்கள் செய்யப்பட்டன. விடிய விடிய ஆடுவது ஏறக்குறைய ஒன்றரை மணி நேர ஆட்டமாகச் சுருங்கியது. நாற்புறமும் பார்க்கும் களரி, ஒருபுறம் மட்டும் பார்க்கும் மேடையாயிற்று. களரியின் நடுவில் நின்ற அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் மேடையின் ஓரத்துக்குச் சென்றனர். திரும்பத் திரும்ப வரும் பாடல்கள் குறைக்கப்பட்டு, கதையின் உணர்ச்சிக்கு முதலிடம் கொடுக்கப்பட்டது. ஆண்களே பெண் வேடம் பூணும் வழக்கம் போய், மாணவியர் பெண் பாத்திரங்களை ஏற்றனர்.

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கூத்தைக் கண்டறியாத பலர் இவற்றைப் பார்த்து வியந்தனர். ‘எமக்கும் ஒரு நாடக மரபு உண்டு’ என்ற நம்பிக்கை பிறந்தது. பின்னர் தோன்றிய தமிழ் நாடகக் கலைஞர் பலர், சமூகத்தின் குறைகளைப் பேசும் புதிய நாடகங்களுக்குக் கூத்தின் ஆட்டத்தையும் தாளத்தையும் பயன்படுத்தியமைக்கு இம்முயற்சியே வழிகோலியது.

ஒரு நியாயமான கேள்வி

நிற்க. இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. கூத்து மேடையேறியது நன்று. அதனால் ஊர்க் களரிக்கு என்ன கிடைத்தது?

மேடைக் கூத்தைப் பார்த்துக் கைதட்டியோர் பட்டினத்துப் படித்தவர். பத்திரிகையில் எழுதப்பட்டது நெறியாளரின் பெயர். ஊரிலோ பழைய பெற்றோமக்ஸ் விளக்கு முன்போலவே மங்கியது. எட்டு மணி நேரக் கூத்து ஒன்றரை மணியில் முடிந்துவிடும் என்றால், ஊரிலே விடிய விடிய ஆடுவது குறைபாடு என்றல்லவா எண்ணம் வளரும்? நாற்புறமும் இருந்து, ‘எங்கட பொடியன் ஆடுறான்’ என்று பார்த்த மாமியும் பேத்தியும் மண்டபத்து நாற்காலியிலே எங்கே இருக்கிறார்கள்? ஊரின் கழகத்தை உடைத்துவிட்டு அரசின் கழகம் ஒன்றை வைத்து என்ன பயன்?

இக்கேள்வியைப் பிற்காலத்து நாடக அறிஞர் பலர் எழுப்பியுள்ளனர். இதற்கு விடை தேடும் முயற்சியாக, 2000களின் தொடக்கத்தில் மட்டக்களப்பு நகரை அடுத்த சீலாமுனையில், சி. ஜெயசங்கர் முதலியோர் ஊர் மக்களுடன் சேர்ந்து ‘கூத்து மீளுருவாக்கம்’ என்னும் பணியை மேற்கொண்டனர். கூத்தை ஊருக்கு வெளியே எடுத்துச் செல்லாது, ஊரின் களரியிலேயே வைத்து, ஆடுபவரும் பார்ப்பவரும் அண்ணாவியாரும் கூடியிருந்து, கதையில் இக்காலத்துக்கு ஒவ்வாதவை எவை, பெண்களையும் எளிய மக்களையும் இழிவு செய்யும் பகுதிகளை எவ்வாறு மாற்றலாம் என்று பேசித் தீர்மானித்து ஆடுவதே அதன் நெறி.

வித்தியானந்தன் செய்தது பிழை என்று சொல்லிவிடுவது நன்றிகெட்ட செயலாகும். இழிவென்று தள்ளப்பட்ட கலையைப் படித்தவர் கண்முன் கொணர்ந்து நிறுத்தாவிடின், பின்வந்தவர்கள் அதன் அருமையை எவ்வாறு உணர்ந்திருப்பர்? முதலில் மதிப்பு வேண்டியிருந்தது. அதனை அவர் பெற்றுத் தந்தார். ஆனால் மதிப்பு மட்டும் போதாது என்பதையும் காலம் எமக்குக் காட்டியது. மேடை வேண்டும், களரியும் வேண்டும். ஒன்று மற்றொன்றை விழுங்காதபடி காப்பதே கழகத்தின் வேலை.

கழகங்கள் பல

அரசின் கழகம் ஒன்றே இப்பணியைச் செய்தது என்று எண்ணலாகாது. யாழ்ப்பாணத்திலே நீ. மரிய சேவியர் அடிகளார் 1965ஆம் ஆண்டு தொடக்கிய திருமறைக் கலாமன்றம், கத்தோலிக்கக் கூத்து மரபைப் பேணியதோடு, ‘கலைமுகம்’ என்ற சஞ்சிகையையும் நடத்தியது. 1978ஆம் ஆண்டு குழந்தை ம. சண்முகலிங்கம் முதலியோர் அமைத்த நாடக அரங்கக் கல்லூரி, நாடகம் பயில விரும்பிய இளைஞருக்கு ஒழுங்கான பயிற்சியைத் தந்தது. காங்கேசன்துறை வசந்த கான சபையின் வி. வி. வைரமுத்து ‘அரிச்சந்திர மயான காண்டம்’ ஆடியபோது, ஊர் ஊராகச் சனம் திரண்டது. சபைகளும் மன்றங்களும் தம் காலிலே நின்று கலையைக் காத்தமைக்கு இவை சான்று.

நாடகமும் அரங்கியலும் பாடசாலைப் பாடமாயிற்று. தமிழ் மொழித்தினப் போட்டிகளிலே நாட்டுக் கூத்துக்கும் இடம் உண்டு. கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கூத்து உயர்கல்விக்குரிய பொருளாகப் பயிலப்படுகின்றது. ‘மதங்க சூளாமணி’யிலே நாடக இலக்கணம் பேசிய விபுலாநந்த அடிகளின் பெயரால் அமைந்த இடத்திலே அண்ணாவியாரின் மத்தளம் ஒலிப்பது பொருத்தமே.

பிரதேச செயலகம் தோறும் கலாசார உத்தியோகத்தர் பணியாற்றுகின்றனர். பிரதேச கலாசாரப் பேரவைகள் இலக்கிய விழா எடுத்து, மலர் வெளியிட்டு, உள்ளூர்க் கலைஞரைக் கௌரவிக்கின்றன. அறுபது வயது கடந்த கலைஞர்களுக்குக் ‘கலாபூஷணம்’ விருதும் பணப்பரிசும் வழங்கப்படுகின்றன. 1952ஆம் ஆண்டு கொழும்பிலே தொடங்கிய எண்ணம், இன்று பிரதேசந் தோறும் ஒரு சிறு கழகமாகப் பரவியிருக்கின்றது என்று சொல்லலாம்.

ஆனால் இடையிலே நாம் இழந்தவற்றைக் கணக்கிட எவராலும் இயலாது. 1983ஆம் ஆண்டிலிருந்து 2009ஆம் ஆண்டுவரை நீடித்த போர் ஊர்களை இடம்பெயரச் செய்தது. இரவிலே கூடி ஆட இயலாத ஆண்டுகள் பல. கொப்பிகள் வீட்டோடு எரிந்தன. உடுப்புகள் பெட்டியோடு போயின. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வந்த கடற்பேரலை கிழக்குக் கரையோரத்து ஊர்களை அள்ளிச் சென்றது. எஞ்சிய இளைஞருள் பலர் பிழைப்புத் தேடி வெளிநாடு சென்றனர். வித்தியானந்தனும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதலாவது துணைவேந்தராகப் பணியாற்றியபின் 1989ஆம் ஆண்டு மறைந்தார்.

எது உண்மையான ஆதரவு?

கலைஞரை ஆதரித்தல் என்றால் எமக்கு உடனே நினைவுக்கு வருவது பொன்னாடை. பொன்னாடை நல்லது. ஆனால், அதனைப் போர்த்திக்கொண்டு வீடு சென்ற அண்ணாவியார் மறுநாட் காலையில் எழுந்து என்ன செய்கின்றார் என்று பார்த்தால்தான், ஆதரவு எட்டியதா என்பது தெரியும். அவரிடம் பழக ஒரு பிள்ளையாவது வந்து நிற்குமாயின் விழா பயன் தந்தது எனலாம். எவரும் வாராவிடின், பொன்னாடை பெட்டிக்குள் போய்விடும். வித்தையும் அதனோடு போய்விடும்.

ஆகவே, பிரதேசக் கழகங்களின் முதற் கடமை, பரிசளிப்பதிலும் பார்க்கப் பழக்குவதற்கு வழி செய்தலே. ஓர் அண்ணாவியாருக்கு ஆறு மாத காலம் ஒரு பாடசாலையிலோ வாசிகசாலையிலோ பிள்ளைகளைப் பழக்கும் பொறுப்பைக் கொடுத்து, அதற்குரிய வேதனத்தையும் கொடுத்தால், அவருக்கும் மதிப்பு, பிள்ளைகளுக்கும் வித்தை. விருது முதுமையில் வருகின்றது. மத்தளத்தைத் தூக்கும் வலிமை தோளில் இருக்கும்போதே இவ்வாதரவு வர வேண்டும்.

இரண்டாவது, பதிவு செய்தல். அக்காலத்தில் பாடலை மட்டுமே அச்சிட முடிந்தது. இன்றோ கையிலுள்ள தொலைபேசியே ஆட்டத்தையும் ஒலியையும் பதிந்துவிடும். ஆனால் கண்டபடி பதிந்து போட்டுவிடுவது பதிவாகாது. எந்த ஊர், எந்த அண்ணாவியார், எந்தத் தாளக்கட்டு, எந்தப் பாத்திரத்தின் வரவு என்பன ஒழுங்காகக் குறிக்கப்பட வேண்டும். அப்பதிவின் ஒரு பிரதி அவ்வூருக்கே திரும்பிச் சேர வேண்டும். ஊரின் சொத்தை எடுத்துப் பெரிய நூலகத்திலே வைத்துவிட்டு, ஊர்ப் பிள்ளை அதைப் பார்க்க நகரத்துக்குப் போகும்படி செய்வது முறையன்று.

மூன்றாவது, ஆடுபவரை மட்டுமன்றி ஆக்குபவரையும் எண்ணுதல். மத்தளத்துக்குத் தோல் வார்ப்பவர், முடியும் புயக்கட்டும் செய்பவர், உடுப்புத் தைப்பவர் ஆகிய கைவினைஞர் இல்லாது கூத்தில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் போதாதென்றாள் என்பது பழமொழி. ஆடத் தெரிந்தவனுக்கோ இன்று மத்தளமே கிடைப்பதில்லை.

நான்காவது, களரிக்கு உதவுதல். மண்டபத்து விழாவுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை ஊர்க் களரிக்குக் கொடுத்தால், பந்தலும் விளக்கும் அதனால் வந்துவிடும். மிகுதியை ஊர் பார்த்துக்கொள்ளும். ஊரின் கையை வலுப்படுத்தும் கழகமே நல்ல கழகம். ஊர் செய்ய வேண்டியதைத் தானே செய்து, ஊரை வெறும் பார்வையாளராக்கும் கழகம், எவ்வளவு பணம் செலவிட்டாலும் கலையை வளர்ப்பதில்லை.

வீட்டிலே தொடங்குவோம்

கழகத்தின் கடமையைச் சொன்னோம். எமது கடமை என்ன? பிள்ளை கூத்துப் பழகினால் படிப்புக் கெடும் என்ற பழைய அச்சம் இன்றும் பல வீடுகளில் உண்டு. பேராதனையிலே காலில் சதங்கை கட்டி ஆடிய மாணவருள் பேராசிரியரானவர் உண்டு என்பதைத் தாய்மார் அறிதல் வேண்டும். நூற்றுக்கணக்கான பாடல்களை நினைவில் நிறுத்துவதும், பலரோடு ஒத்துக் காலெடுத்து வைப்பதும், சபை நடுவே அஞ்சாது குரலெடுப்பதும் கல்வியல்லவென்றால், வேறெது கல்வி?

மாணவர்களே, உங்கள் பாட்டனார் ஒரு காலத்தில் வீமனாகவோ திரௌபதையாகவோ ஆடியிருக்கக் கூடும். கேட்டுப் பாருங்கள். முதலில் சிரித்துக்கொண்டு, ‘அதெல்லாம் அந்தக் காலம், மகன்’ என்பார். விடாது கேட்டால், கதிரையில் இருந்தபடியே தொடையில் தாளம் போட்டு, தம் வரவுப் பாட்டைப் பாடத் தொடங்குவார். அந்த வேளையில் ஒரு கொப்பியையும் பேனையையும் எடுத்துக்கொண்டு அவர் அருகில் அமருங்கள். அவர் பாடுவதை எழுதுங்கள், பாடும்போது கால் எவ்வாறு அசைகின்றது என்பதையும் பாருங்கள், அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

கழகங்கள் வரும், குழுக்கள் மாறும், நிதி கூடும், குறையும். ஆனால் அண்ணாவியாரின் மத்தளத்துக்கு முன்னால் காலெடுத்து வைக்க ஒரு பிள்ளை வந்து நிற்கும்வரை கூத்துக்கு அழிவில்லை. வேளாண்மை வெட்டி முடிந்த ஓர் இரவிலே, வாவிக்கு அப்பால் மத்தளம் கேட்டால், வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளாது பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே போவோமாக.